பிள்ளைக்கு என்ன சாமான் கேட்பது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் கூடுதலானவை சாமான் பற்றியவை. முந்தி சொந்தக்காரர் கொண்டு வந்ததை வாங்கி வைத்துக்கொள்வோம், அவ்வளவுதான். இப்போது "என்ன வேணும், லிஸ்ட் அனுப்பு" என்று வெளிநாட்டிலிருந்தும் கேட்கிறார்கள், அடுத்த வளவிலிருந்தும் கேட்கிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் இணையத்தில் பார்த்து எழுதிய லிஸ்ட் குளிர்நாட்டு வீட்டுக்குப் பொருந்துமே தவிர, கச்சான் காற்று வீசும் மட்டக்களப்பு வீட்டுக்குப் பொருந்தாது. குடும்பநல மருத்துவிச்சியாக வீடு வீடாகப் போன காலத்தில், அலுமாரிக்கு மேலே பெட்டி பிரிபடாமல் கிடந்த சாமான்களை நிறையவே பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கனடாவில் இருக்கும் அக்கா, அங்குள்ள கடை ஒன்றில் ரெஜிஸ்ட்ரி போடச் சொல்கிறா. அவவும் சிநேகிதிகளும் அதில் பார்த்து வாங்கி, பெட்டியில் போட்டு அனுப்புவார்களாம். எதை எதைப் போடலாம் மிஸ்? (கல்லடி)

முதலில் அந்த ரெஜிஸ்ட்ரி எதற்கென்று விளங்கிக்கொள்ளுங்கள் மகள். நீங்கள் வேண்டிய சாமானைக் கடையின் பட்டியலில் குறித்து வைக்கிறீர்கள். ஒருவர் ஒன்றை வாங்கியதும் பட்டியல் அதைக் காட்டிவிடும். அதனால் ஒரே சாமானை இரண்டு பேர் வாங்குவது குறையும். அங்கே இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு வசதி, பிடிக்காததைத் திருப்பிக் கொடுக்கலாம். கல்லடிக்குக் கப்பலில் வந்த பெட்டியை யார் திருப்பிக் கொண்டுபோவது? ஆகவே உங்கள் பட்டியல் சின்னதாக இருக்கட்டும்.

கரண்டில் ஓடும் சாமானை வடிகட்டித்தான் போட வேண்டும். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், எங்களுக்கு 230 வோல்ட். அங்கே விற்கும் போத்தல் அவிக்கும் இயந்திரம், பால் சூடாக்கி, ஈரப்பதமூட்டி எல்லாம் இங்கே செருகினால் எரிந்து போகும். பிளக்கின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் வோல்ட்டை மாற்றாது. சாமானிலோ அதன் சார்ஜரிலோ 100–240 வோல்ட் என்று அச்சடித்திருந்தால் மட்டும் கேளுங்கள். லண்டனில் இருப்பவர் அனுப்புவதென்றால் இந்தப் பிரச்சினை இல்லை. அங்கேயும் 230 வோல்ட்தான், சதுர முனைப் பிளக்கும் இங்கே போகும்.

உடுப்பைப் பொறுத்தவரை, பிறந்த பிள்ளையின் அளவில் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் மூன்று கிலோவுக்குக் கிட்டப் பிறக்கிறார்கள். அங்குள்ள சின்ன அளவே தொளதொளவென்றிருக்கும். ஆனால் ஐந்து மாதமளவில் பிறந்த எடை இரட்டிப்பாகிவிடும். அதனால் 6 மாதம், 12 மாதம் என்று போட்ட பருத்தி உடுப்புகளைக் கேளுங்கள். உள்ளே கம்பளி வைத்ததை அக்கா ஆசையாக எடுத்தாலும் "வேணாம் அக்கா" என்று சொல்லிவிடுங்கள். வேர்க்குருவுக்கு அதைவிட வேறு வழி தேவையில்லை.

டிஜிட்டல் தெர்மோமீட்டர் கேட்கலாம். செல்சியஸ் காட்டுவதாக இருக்கட்டும். மெல்லிய மஸ்லின் துணிகள், நகம் வெட்டி, பருத்தியில் செய்த பிள்ளை சுமக்கும் பை ஆகியவையும் பிரயோசனம். பையில் பிள்ளையின் நாடி நெஞ்சில் முட்டக் கூடாது, முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும், தொடைகள் விரிந்து முழங்கால் இடுப்பளவுக்கு உயர்ந்திருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் தவிருங்கள்: காய்ச்சல் மருந்து. கனடாவில் கைக்குழந்தைக்கு விற்கும் பரசிற்றமோல் துளிமருந்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் இருக்கிறது. எங்கள் பாமசியில் கிடைக்கும் பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120, அதாவது ஒரு மில்லிலீற்றருக்கு 24. இங்கே டொக்டர் பாணிக்குச் சொன்ன அளவை அந்தத் துளிமருந்தில் எடுத்துக் கொடுத்தால் மூன்று மடங்குக்கு மேல் உள்ளே போய்விடும். நடுச்சாமத்தில் காய்ச்சலோடு பிள்ளை அழும்போது யாரும் லேபலை வாசித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கார் இருக்கை பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதை இறுக்கிக் கட்ட சீட் பெல்ட் வேண்டும். ஆட்டோவில் அது இல்லை. உங்கள் வீட்டில் பெல்ட் உள்ள கார் இருந்தால் போடுங்கள், புதிதாக வாங்கியதாக மட்டும். யாரோ பாவித்த இருக்கை விபத்தில் அடிபட்டதா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

பிறக்குமுன் சாமான் வாங்கினால் ஆகாது என்று மாமி சொல்கிறா. எனக்கு 33 வாரம். ஒன்றுமில்லாமல் எப்படி வார்டுக்குப் போவது? (களுவாஞ்சிக்குடி)

மாமியோடு வழக்காட வேண்டாம். அவவின் கண்முன்னே எத்தனை வீட்டில் எத்தனை நடந்திருக்குமோ, அந்தப் பயத்தை நாங்கள் வாதாடித் தீர்க்க முடியாது. அதோடு, மாமியின் சொல்லை மீறாமலே உங்கள் காரியம் முடியும். அவ சொல்வது வாங்குவதைப் பற்றித்தானே? எழுதி வைப்பதற்குத் தடை இல்லை. லிஸ்ட்டை எழுதி உங்கள் அம்மாவிடமோ கணவரிடமோ கொடுத்து வையுங்கள். பிறந்த அன்றைக்கு அவர் கடைக்குப் போய் அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்து வரலாம்.

வைத்தியசாலைப் பை மட்டும் பொறுத்திருக்காது. 36 வாரத்துக்குள் அது கட்டி முடிந்திருக்க வேண்டும். பிள்ளை திகதி பார்த்து வருவதில்லை. அதற்கும் புதுச்சாமான் தேவையில்லை. முதல் உடுத்துவது பழஞ்சீலையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் பழைய வழக்கம்தானே. மாமியிடமே போய், "மாமி, உங்கட பழைய பருத்திச் சேலை ஒன்று தாங்க, பிள்ளையைச் சுத்த" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவவே துவைத்து, வெயிலில் காயவைத்து, அளவாகக் கிழித்து மடித்துத் தருவா. அக்கா தங்கச்சி பிள்ளைகளின் சின்ன உடுப்பு, தொப்பி, காலுறை இரவல் எடுங்கள். உங்களுக்கு முன்பக்கம் திறக்கும் சட்டை, பெரிய பேட், துவாய், குடிக்கப் போத்தல், கப். எல்லாவற்றுக்கும் மேலே கர்ப்பிணிப் பதிவேடும் கிளினிக் ரிப்போர்ட்டுகளும். சாமானை மறந்தால் வீட்டிலிருந்து யாராவது கொண்டு வருவார்கள், பதிவேட்டை மறந்தால் உங்களைப் பார்ப்பவருக்கு இரத்த வகையிலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டும்.

மூத்த பிள்ளை பிறந்தபோது கிஃப்ட் பெட்டி பெட்டியாக வந்தது. எல்லாவற்றிலும் பவுடர், கொலோன், பால் போத்தல். இந்த முறை வேண்டியதைச் சொல்லலாம் என்றால், கேட்டு வாங்குவதாக நினைப்பார்களோ என்று வெட்கமாக இருக்கிறது. (சாய்ந்தமருது)

நீங்கள் சொன்னால் வெட்கம், உங்கள் ராத்தா சொன்னால் வெட்கமில்லை. லிஸ்ட் அவவின் கையில் இருக்கட்டும். உங்களிடம் யாராவது கேட்டால் "ராத்தாட்டக் கேளுங்க, அவக்குத்தான் தெரியும்" என்று விடுங்கள். கேட்டவருக்கு மட்டும் சொல்வது. வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். லிஸ்டில் 500 ரூபாய்க்குள் ஒன்று, நடுத்தரமாக ஒன்று, நாலைந்து பேர் சேர்ந்து வாங்குவதாக ஒன்று என்று கலந்து வைத்தால் யாருக்கும் கை சுருங்காது.

அந்தப் பெட்டிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பவுடர் பிள்ளைக்குத் தேவையே இல்லை. காற்றில் பறக்கும் தூள் நுரையீரலுக்குள் போகும். கொலோன் வாசத்தில் பிள்ளைக்கு என்ன லாபம்? வருகிறவர்களுக்குத்தான். பால் போத்தலை விற்பனைக்காக விளம்பரம் செய்வதை இலங்கையில் 1983இலிருந்தே ஒரு விதிக்கோவை கட்டுப்படுத்துகிறது, 2004இல் அதைத் திருத்தினார்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்று கிளினிக்கில் சொல்லிக்கொண்டே இருக்க, வாசலில் நாலு போத்தல் பரிசாக வந்து நின்றால் முதல் வாரத்தின் தடுமாற்றத்தில் கை அதைத்தான் தேடும். அன்பாகக் கொண்டு வருகிறவரைக் கோபிக்க முடியாது. ஆனால் ராத்தாவின் லிஸ்டில் "போத்தல் வேணாம்" என்பது முதல் வரியாக இருக்கலாம்.

அதற்குப் பதிலாக எதைக் கேட்பது? குடைபோல் விரியும் நுளம்பு வலை. டெங்கு பகலில் கடிக்கும் நுளம்பால் வருவது, பிள்ளையும் பகல் முழுக்கத் தூங்கும். துவாய், ரப்பர் சீட், நல்ல பருத்தித் துணி. பிறகு, இரண்டாவது பிள்ளை என்கிறீர்களே, நாற்பது நாளைக்குள் இரண்டு மூன்று நாள் மூத்தவரைக் கூட்டிக்கொண்டு போய் வைத்திருக்க ஒரு மாமியோ சாச்சியோ முன்வந்தால் அதற்கு மேல் பரிசு கிடையாது. பகல் சோறு அனுப்புவதும் அப்படித்தான். இதையும் லிஸ்டில் எழுதலாம். எழுதினால்தான் செய்வார்கள்.

தொட்டில் கட்டில் வாங்கவா, ஏணை போதுமா? (அக்கரைப்பற்று)

சேலையில் கட்டித் தொங்கவிடும் ஏணையில் வளராத பிள்ளை எங்கள் பக்கத்தில் குறைவு. எனக்கும் அதன்மேல் கோபமில்லை. ஆனால் அதில் பிள்ளை வளைந்து கிடக்கும். பிறந்த பிள்ளையின் கழுத்துக்குப் பலம் இல்லாததால் நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சு தடைப்படலாம். பகலில், நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, விரித்துப் பிடிக்கும் கம்பு போட்டு ஆட்டுங்கள். தூங்கியதும் மெதுவாக எடுத்துத் தட்டையான இடத்தில் மல்லாக்கக் கிடத்துங்கள். இரவுத் தூக்கத்துக்கு ஏணை வேண்டாம். பிள்ளை புரள எத்தனிக்கும் வயதில், ஏறக்குறைய நாலு மாதத்தில், கழற்றிவிடுங்கள். பிள்ளை இல்லாத நேரத்தில் சேலையைச் சுருட்டி மேலே முடிந்து வையுங்கள். மூத்த பிள்ளைகள் அதில் ஊஞ்சலாடிக் கழுத்தில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

கட்டில் கட்டாயமில்லை. பாயில் இறுக்கமான மெல்லிய மெத்தை, மேலே வலை, பக்கத்தில் நீங்கள், போதும். வாங்குவதென்றால், அல்லது தச்சரிடம் செய்விப்பதென்றால், சட்டங்களுக்கிடையில் 6 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை சின்னது. ஒரு பக்கம் கீழே இறங்கும் பழைய மாதிரிக் கட்டிலை யாராவது இரவல் தந்தால் வாங்காதீர்கள். பிள்ளைகள் இடையில் சிக்கி இறந்ததால் அமெரிக்காவில் 2011இல் அந்த மாதிரியின் விற்பனையையே நிறுத்தினார்கள். தலையணை, பஞ்சு பொம்மை, கட்டிலைச் சுற்றிக் கட்டும் மெத்தைத் துணி ஒன்றும் உள்ளே வேண்டாம். கடையில் அழகாகத்தான் அடுக்கி வைத்திருப்பார்கள்.

மார்கழியில் திகதி. சீலை காயாதே, எத்தனை பக்கட் பம்பஸ் லிஸ்டில் போடுவது? (வாழைச்சேனை)

சின்ன அளவில் ஒன்று அல்லது இரண்டு பக்கட். அதற்கு மேல் போட்டால் பாதி மிஞ்சும்போதே அளவு மாறிவிடும். மற்றவர்கள் பம்பஸ்தான் தருவேன் என்றால் அடுத்த அளவுகளைச் சொல்லுங்கள்.

பிறந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது மாற்ற வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் சீலை காய இரண்டு நாள் எடுக்கும் என்று கணக்குப் பார்த்தால் 30 சதுரச் சீலையாவது வேண்டும். வாடைக் காற்று வரும் தாழ்வாரத்தில் கொடி கட்டுங்கள், அடுப்பங்கரையில் வேண்டாம், புகை பிடிக்கும். அரைகுறையாகக் காய்ந்ததை இஸ்திரி போட்டு எடுக்கலாம். இரவிலும் கிளினிக் போகும்போதும் பம்பஸ், மற்ற நேரம் சீலை என்பது நடைமுறைக்குச் சரியான ஏற்பாடு. பாவித்த பம்பஸை வாவியில் போடாதீர்கள். வெள்ளம் வந்தால் உங்கள் வாசலுக்கே திரும்பி வரும்.

ஆசிரியை நான். பால் எடுக்கும் பம்ப் நல்ல விலை. சேர்ந்து வாங்கித் தருவதாகச் சக ஆசிரியைகள் சொல்கிறார்கள். போடவா? (திருக்கோவில்)

இப்போதே போட வேண்டாம் ரீச்சர். அரசாங்க வேலையில் முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள், பிறகு அரைச் சம்பளத்தோடு 84 நாள் லீவு இருக்கிறது. இரண்டையும் எடுத்தால் நீங்கள் பள்ளிக்கூடம் திரும்பும்போது பிள்ளை ஆறு மாதத்தைக் கடந்து சோறும் தின்னத் தொடங்கியிருக்கும். முழுச் சம்பள லீவோடு திரும்புவதானால், தனியார் நிறுவனத்தில் 84 நாளோடு திரும்பும் தாய்மாருக்குப் போல, பம்ப் உதவும். கையால் பால் எடுக்க உங்கள் பகுதி மிட்வைஃப் காசில்லாமல் பழக்கித் தருவா. முதலில் அதைப் பழகுங்கள்.

சக ஆசிரியைகளிடம் ஐஸ் பொதி வைக்கும் குளிர்காப்புப் பை ஒன்று கேளுங்கள். எடுத்த பால் 25 பாகை வெப்பத்தில் நாலு மணி நேரம் தாங்கும். திருக்கோவில் வெயிலில் அவ்வளவு பொறுக்காது. ஐஸோடு பையில் ஒரு நாள், பிரிட்ஜில் நாலு நாள் வைக்கலாம். வீட்டில் அம்மா அதைக் கப்பால் பருக்கட்டும்.

வோக்கர் வாங்கித் தர மச்சான் ஆசைப்படுகிறார். சரியா? (கல்முனை)

வேண்டாம். கனடாவில் 2004இலிருந்து அதை விற்கவும் இறக்குமதி செய்யவும் தடை. சில்லில் ஓடிப் படியால் விழுந்தும், சுடுதண்ணீரை எட்டிப் பிடித்தும் பிள்ளைகள் காயப்பட்டதுதான் காரணம். எங்கள் வீடுகளில் திண்ணைப் படி, அடுப்பு, கிணறு எல்லாம் பத்தடிக்குள். நடக்கவும் அது பழக்காது. மச்சானிடம் பெரிய பாய் ஒன்று கேளுங்கள், பிள்ளை குப்புறக் கிடந்து விளையாட.

ஒபிசில் பத்துப் பேர் சேர்ந்து கொடுக்கப்போகிறோம். அந்தத் தங்கச்சி லிஸ்ட் ஒன்றும் தரவில்லை. (மட்டக்களப்பு)

காசாகக் கொடுங்கள். பிறந்த அன்றே வேண்டாம், 31ஆம் நாள் கழிந்து பிள்ளை பார்க்கப் போகும்போது கொடுங்கள். அப்போதுதான் எது இல்லை என்று அவவுக்கே தெரிந்திருக்கும். வெறுங்கையோடு போக மனமில்லை என்றால் பிள்ளை பெற்றவவின் கறிக்குப் போடும் சரக்குத்தூளும் ஒரு பை பச்சையரிசியும் கொண்டு போங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம், சளி காய்ச்சல் உள்ளவர் அன்றைக்குப் போகவே வேண்டாம்.