சிவப்பு லைட் எரியும்போது கண்ணு எங்க இருக்கணும்?

பைலட் ட்ரெய்னிங்ல இருக்கற ஒரு தம்பி கேட்டிருக்காரு: "ட்வின் இன்ஜின் சிமுலேட்டர்ல ஒரு இன்ஜின ஃபெயில் பண்ணா நான் வார்னிங் லைட்டையே பாத்துட்டு இருந்துடறேன், அதுக்குள்ள 300 அடி எறங்கிடுது, ஸ்கேன் (மீட்டர்கள மாத்தி மாத்தி பாத்துட்டே இருக்கறது) போச்சு ஸ்கேன் போச்சுன்னு இன்ஸ்ட்ரக்டர் சத்தம் போடறாரு. நிஜ எமர்ஜென்சில பைலட்டுங்க எங்க பாப்பாங்க? வீட்ல இத எப்படி பழகறது?"

தம்பி, பளிச்சுனு ஒண்ணு எரிஞ்சா கண்ணு அங்க போகத்தான் செய்யும், அந்த லைட்ட வெச்சதே அதுக்குத்தான். போகட்டும், ஆனா உடனே திரும்பி வரணும். எங்கன்னா நடுவுல இருக்கற ஆட்டிட்யூட் இண்டிகேட்டருக்கு, விமானத்தோட மூக்கு மேலயா கீழயா, றெக்கை சாஞ்சிருக்கான்னு காட்டற, மேல நீலம் கீழ பழுப்பு இருக்கே அதுக்கு. அதுக்கு இடது பக்கம் ஸ்பீடு, வலது பக்கம் ஆல்டிட்யூட், அதாவது உயரம், கீழ ஹெடிங், அதாவது போற திசை. ஸ்பீட பாத்தா திரும்ப நடு, ஆல்டிட்யூட பாத்தா திரும்ப நடு, வார்னிங் லைட்ட பாத்தாலும் அதே மாதிரி நடுவுக்கு வந்துட்டுதான் அடுத்தது.

இது ஏன் உயிர் விஷயம்னு சொல்றேன். 1972 டிசம்பர் 29, நியூயார்க்லேந்து மயாமிக்கு வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401, ட்ரைஸ்டார் விமானம். லேண்டிங்குக்கு வீல எறக்கறாங்க, மூக்கு வீலோட பச்சை லைட் மட்டும் எரியல. 2,000 அடிக்கு ஏறி ஆட்டோபைலட்ட போட்டுட்டு எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்து மேல சுத்தறாங்க, ராத்திரி, கீழ ஒரு வெளிச்சம் கிடையாது. கேப்டனும் கோ-பைலட்டும் அந்த பல்ப் செட்ட கழட்டி மாட்டறதுக்கு போராடறாங்க, அது சிக்கிக்குது, ஃப்ளைட் இன்ஜினியர் வீல கண்ணால பாக்கறதுக்கு தரையில இருக்கற கதவ தொறந்து கீழ எறங்கிட்டாரு. இதுக்கு நடுவுல ஆட்டோபைலட் உயரத்த பிடிச்சுட்டு இருந்தது விட்டுப்போச்சு, விமானம் மெதுவா எறங்க ஆரம்பிச்சிடுச்சு. 250 அடி கொறஞ்சதும் மணி அடிச்சது, அந்த மணி கூட யாருக்கும் மனசுல ஏறல. உயரம் தப்பா இருக்கேன்னு கவனிச்சப்போ தரை வந்துடுச்சு, 101 பேர் செத்தாங்க. மூக்கு வீல் ஒழுங்கா எறங்கி லாக் ஆகித்தான் இருந்தது தம்பி, பல்ப்தான் ஃப்யூஸ்.

பறக்கத் தெரிஞ்சவங்கதான் அவங்க எல்லாரும், ஆனா அந்த நேரத்துல விமானத்த பாக்கறதுக்குன்னு ஒரு ஜோடி கண்ணு இல்ல. அதனாலதான் இப்ப வேலைய பிரிக்கறாங்க, ஒருத்தர் பறக்கறத மட்டும் பாப்பாரு, இன்னொருத்தர்தான் கோளாறு, செக்லிஸ்ட் எல்லாம், யார் கையில கண்ட்ரோல்னு வாயத் தொறந்து சொல்லணும்.

இன்னொண்ணு, கண்ணு பட்டா மட்டும் பாத்ததா ஆகாது. 1989 ஜனவரி 8, இங்கிலாந்துல கெக்வொர்த் விமான விபத்து, இடது இன்ஜின் ஃபேன் பிளேடு ஒடைஞ்சுது, பைலட்டுங்க ஆஃப் பண்ணது வலது இன்ஜின, 47 பேர் போனாங்க. வைப்ரேஷன் மீட்டர் சரியாத்தான் காட்டிச்சு, ஆனா அது சின்னது, அவசரத்துல மனசுல பதியல. அதனால இன்ஜின்ல கை வைக்கறதுக்கு முன்னாடி எந்த பக்கம்னு விரல வெச்சு சத்தமா சொல்லுங்க, இன்னொருத்தர் பாத்து சரின்னு சொல்லணும்.

இப்ப வீட்டு ப்ராக்டிஸ். காக்பிட் போஸ்டர செவுத்துல ஒட்டி எதிர்ல நாற்காலி போட்டு உக்காருங்க. தம்பியோ தங்கச்சியோ யாராவது போன் டார்ச்ச போஸ்டர்ல ஏதாவது ஒரு மூலையில திடீர்னு அடிக்கட்டும். பாருங்க, என்ன லைட்டுனு ஒரு வார்த்தை சொல்லுங்க, மாஸ்டர் வார்னிங் பட்டன அமுத்தற மாதிரி கைய கொண்டு போங்க, உடனே நடுவுக்கு வந்து பிட்ச் (மூக்கு எவ்வளவு மேல கீழ), ஸ்பீடு, ஆல்டிட்யூட்னு வாய்விட்டு சொல்லுங்க. அப்புறம்தான் செக்லிஸ்ட், அதுவும் ஒரு வரி படிச்சா ஒரு தடவை நடு. நடுவுக்கு வராம ரெண்டாவது வரிக்கு போயிட்டீங்கன்னா அந்த ரவுண்ட மொதல்லேந்து ஆரம்பிங்க.