எரிபொருள் விலை ஏறும்போது ஆண்களும் பெண்களும் ஒரே அளவிலா பாதிக்கப்படுகிறார்கள்?

இல்லை என்பதே என் பதில். 2022 பொருளாதார நெருக்கடியின்போது, இலங்கையின் வடக்கே வன்னியில் எங்கள் குடும்பத்தில் கண்டதை வைத்துச் சொல்கிறேன்.

2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாயாக இருந்த பெற்றோல், அடுத்த ஜூன் முடிவில் 470 ரூபாயானது. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே மோட்டார் சைக்கிள். வாகனத்துக்குரிய கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருள் வாங்கும் பங்கீட்டு முறை வந்து வாரத்துக்கு 4 லீற்றர் என்றானதும், அது அப்பாவின் வேலைக்கு மட்டுமே என்பது யாரும் கூடிப் பேசாமலே முடிவாகிவிட்டது. சந்தைக்கும் கிளினிக்குக்கும் அம்மா நடந்தார். 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 4,860 ரூபாயைத் தொட்டபின் விறகடுப்புக்குத் திரும்பினோம். அதனால் காசு மிச்சம் என்றார் அப்பா. காட்டுக்கரையில் பொறுக்கிக் கட்டிச் சுமந்து வர அம்மாவுக்குச் செலவான இரண்டு மணித்தியாலம் அப்பாவின் கணக்கில் ஏறவில்லை. அப்பாவும் பெற்றோல் வரிசையில் நின்று நாட்கூலியை இழந்தவர்தான், ஆனால் அந்த இழப்பை ஊரே பேசியது.

எங்களைவிட மோசமாக அடிபட்டவர் விசுவமடுவிலுள்ள என் சின்னம்மா. போரில் கணவரை இழந்தபின், வன்னியின் எத்தனையோ பெண்களைப் போலத் தனியாகக் குடும்பத்தைத் தாங்குபவர். கால் ஏக்கரில் வெங்காயமும் மிளகாயும் செய்கிறார். அவரது தண்ணீர்ப் பம்பி பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படும் வகை. மண்ணெண்ணெய் அப்போது லீற்றர் 87 ரூபாய்தான், ஆனால் கிடைப்பது அருமை. வெறும் கான்களைக் கயிற்றில் கோத்து வரிசையில் வைத்துவிட்டு இரவிரவாகக் காவலிருக்க வேண்டும். ஆண்கள் அங்கேயே சாக்கு விரித்துப் படுத்தார்கள். தனியொரு பெண் அப்படிப் படுக்க எங்கள் ஊர் விடாது என்பதால், அயல்வீட்டு இளைஞனுக்குக் கூலி கொடுத்து நிறுத்தினார். ஆகவே அவருக்கு அது ஒருநாளும் 87 ரூபாய்க்குக் கிடைத்ததில்லை. பம்பியைத் தொடக்கத் தேவையான கொஞ்சப் பெற்றோலை வாங்குவதற்கோ, வாகனம் இல்லாத அவரிடம் கியூஆர் இருக்கவில்லை. வேறு வீட்டில் இருந்த என் அண்ணன் அங்கு போகும் நாட்களில் தன் மோட்டார் சைக்கிள் தாங்கியிலிருந்து குழாயால் உறிஞ்சி ஒரு சோடாப் போத்தலில் எடுத்துக் கொடுப்பார்.

ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாயானது. சின்னம்மா அந்த முறை வெங்காயத்தைக் கைவிட்டு, கிணற்றில் வாளியால் அள்ளி ஊற்றி முடிக்கக்கூடிய அளவுக்கு மிளகாய்க் கன்றுகளை மட்டும் நட்டார்.