ஆக்சிஜன் கருவிகளை நன்கொடையாக அனுப்புதல்: கேள்வி பதில்

கேள்வி: எங்களிடம் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இயங்கும் ஆக்சிஜன் செறிவூட்டிகள் (அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவிகள்) உள்ளன. மின்மாற்றியை இணைத்து, 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டுக்கு அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். மின்மாற்றி வோல்ட்டை மட்டுமே மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கென வடிவமைக்கப்பட்ட சாதாரண மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வேகத்தை இழக்கிறது. அதனால், நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும் ஜியோலைட் என்ற கனிமம் நிரப்பிய கலன்களுக்குப் போதிய காற்று செல்லாமல், நைட்ரஜன் சரிவரப் பிரியாமல், வெளிவரும் ஆக்சிஜனின் தூய்மை குறைகிறது. கருவி ஓடிக்கொண்டுதான் இருக்கும். தூய்மையை அளக்கும் உணரி அதில் இல்லையெனில், குறைவு யாருக்கும் தெரியாது. தூய்மை 82 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. 60 ஹெர்ட்ஸ் மின்சாரமுள்ள நாட்டைத் தேடி அவற்றை அனுப்புங்கள்.

கேள்வி: நிரப்பிய சிலிண்டர்களை விமானத்தில் அனுப்ப முடியுமா?

பதில்: அழுத்தப்பட்ட ஆக்சிஜன் ஆபத்தான சரக்கு என்பதால் கட்டுப்பாடுகள் மிகுதி, எடையில் பெரும்பகுதியும் இரும்புதான். பெறுபவரின் ஊரில் நிரப்பும் வசதி இருந்தால் காலி சிலிண்டர்களே பயன்படும். 2021 ஏப்ரலில், கொரோனா அலையின்போது, இந்திய விமானப்படை வெளிநாடுகளிலிருந்து திரவ ஆக்சிஜன் டேங்கர்களைக் காலியாகத்தான் ஏற்றி வந்தது. வால்வு வகை நாட்டுக்கு நாடு வேறுபடும். பெறுபவரிடம் கேட்காமல் ஒரு சிலிண்டரும் கிளம்பக் கூடாது.

கேள்வி: தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் செறிவூட்டி போதுமா?

பதில்: போதாது. மூக்கு வழியாக அதிக வேகத்தில் ஆக்சிஜன் செலுத்தும் உயர் ஓட்ட நாசிக் குழாய்க்கு நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை தேவைப்படலாம்.

கேள்வி: வீட்டில் இருக்கும் நோயாளிக்கு எத்தனை லிட்டர் வைக்க வேண்டும்?

பதில்: அவரைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: மூச்சுத் திணறுபவருக்கு ஏதோ ஒன்று போய்ச் சேர்ந்தால் போதாதா? நிபந்தனைகளை அடுக்கினால் உதவி எப்போது சேரும்?

பதில்: உங்கள் தவிப்பு நியாயமானது. ஆனால் பொருந்தாத கருவி வெறுமனே பயனற்றுக் கிடப்பதில்லை. பொருந்தும் கருவி வந்திருக்க வேண்டிய சரக்கு இடத்தையும், சுங்க அலுவலரின் நேரத்தையும், கிடங்கையும் பிடித்துக்கொள்கிறது. சில நாடுகளில் நன்கொடைக் கருவிகளில் 10 முதல் 30 விழுக்காடு மட்டுமே இயங்கும் நிலைக்கு வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனமே எழுதியுள்ளது. வோல்ட் ஏறி இறங்கும் மருத்துவமனையில் ஸ்டெபிலைசர் இல்லாத செறிவூட்டியின் மின்பலகை எரிந்துபோகலாம். மாற்று வடிகட்டி இல்லாவிட்டால் தூசியும் ஈரமும் ஜியோலைட்டைக் கெடுக்கும். நான் கேட்பது பெறுபவரின் ஏற்புக் கடிதம் ஒன்றும், அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பும் மட்டுமே. அதற்குச் செலவாகும் நேரம் துறைமுகத்தில் முடங்கும் நேரத்தைவிடக் குறைவு.

கேள்வி (அவரே): அப்படியானால் செறிவூட்டிகளை விட்டுவிட்டு, மருத்துவமனையிலேயே ஆக்சிஜன் தயாரிக்கும் ஆலை கொடுக்கலாமே?

பதில்: பெரிய மருத்துவமனைக்கு அதுவே நல்லது. ஆனால் அடித்தளம், மும்முனை மின்சாரம், குழாய் அமைப்பு, பயிற்சி பெற்ற இயக்குநர் எல்லாம் தேவை. நிறுவ மாதக்கணக்கில் ஆகும். தொற்று அலை உச்சத்தில் இருக்கும்போது சிறிய மருத்துவமனைக்குச் செறிவூட்டிதான் கைகொடுக்கும்.

கேள்வி: 110 வோல்ட் கருவி, மின்மாற்றியுடன்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சுங்க வரி விலக்கு எப்படிப் பெறுவது?

பதில்: பெறும் நாட்டின் சுகாதாரத் துறையோ அது நியமித்த அமைப்போ பெறுநராகக் குறிக்கப்பட்டு, ஏற்புக் கடிதம் கையில் வந்த பிறகே சரக்கை ஏற்றுங்கள். பெட்டியில் வடிகட்டிகள், நாசிக் குழாய்கள், ஸ்டெபிலைசர், பல்ஸ் ஆக்சிமீட்டர், பெறுபவர் மொழியில் கையேடு ஆகியவை இருக்கட்டும்.