நட்டு போல்ட்டு டப்பாவில் மாத்திரை

கேள்வி: என் கணவருக்கு 74 வயது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து வருஷத்துக்கு முன்பு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து இரவில் அடோர்வாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரை, 40 பவர். ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. மார்கழியில் சளி, இருமல் என்று தெருமுனை டாக்டரிடம் பத்து நாளைக்கு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். இருமல் நின்றது. ஆனால் இரண்டு தொடையும் அடித்துப் போட்ட மாதிரி வலிக்கிறது என்றார். திண்ணையிலிருந்து கை ஊன்றித்தான் எழுந்தார். அந்த நேரம் பார்த்து, 'கொழுப்பு மாத்திரை சதையைத் தின்னும், மூளையை மழுக்கும்' என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். போன வாரம் ஒரு ஆணி தேடி அவருடைய நட்டு போல்ட்டு டப்பாவைத் திறந்தால், உள்ளே பதினெட்டு மாத்திரை! கேட்டால், "இப்போ வலியே இல்லை, மாடிப்படி ஏறிக் காட்டட்டுமா?" என்கிறார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறதா? மகனிடம் இன்னும் சொல்லவில்லை.
- வாசகி, காரைக்குடி

பதில்: மகனிடம் சொல்வது அப்புறம் இருக்கட்டும் அம்மா. முதலில் டப்பாவை இன்னொரு தடவை பாருங்கள். பதினெட்டும் ஒரே மாத்திரைதானா? ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின் மாதிரி வேறு எதுவும் கலந்திருந்தால், நாளை வரை காத்திருக்காமல் இன்றைக்கே இதய டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, அந்த இருமல் மாத்திரையின் காலி அட்டை வீட்டில் எங்காவது கிடக்கிறதா, தேடுங்கள். இல்லாவிட்டால் மருந்துச் சீட்டு. அதில் 'கிளாரித்ரோமைசின்' என்ற ஆன்டிபயாடிக் பெயர் இருந்தால் பாதிக் கதை அங்கேயே முடிந்தது. அடோர்வாஸ்டாடினைக் கரைத்து வெளியேற்றுவது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. கிளாரித்ரோமைசின் அந்த நொதியின் கையைக் கட்டிப்போட்டுவிடும். விழுங்குவது அதே 40தான், ஆனால் ரத்தத்தில் சேர்வது பல மடங்கு. ஐந்து வருஷம் சும்மா இருந்த தொடை பத்து நாளில் வலித்ததற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தோன்றவில்லை. படர்தாமரைக்குக் கொடுக்கும் இட்ராகோனசோலும் இதே வேலையைச் செய்யும். அட்டையில் 'அசித்ரோமைசின்' என்ற வேறு ஆன்டிபயாடிக் இருந்தால் இந்தச் சந்தேகம் வெகுவாகக் குறையும். புது டாக்டரிடம் போகும்போது பழைய மாத்திரைகளைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள் என்று நாங்கள் நச்சரிப்பது இதற்குத்தான்.

ஆக, உங்கள் கணவருக்கு வந்த வலி கற்பனை இல்லை. அடோர்வாஸ்டாடின் வகைக் கொழுப்பு மாத்திரைகளுக்கு ஸ்டாடின் என்று பெயர். ஸ்டாடின் வலி பெரும்பாலும் இப்படித்தான் வரும்: இரண்டு பக்கமும் சமமாக, தொடையிலோ தோளிலோ, பெரிய சதைகளில். ஒரு முழங்கால் மட்டும் வலிப்பதும், ஒரு கால் மட்டும் மரத்துப்போவதும் வேறு கேஸ். அவர் கண்டுபிடித்தது சரி, செய்த வைத்தியம்தான் தப்பு. ஸ்டென்ட் வைத்தவருக்கு இந்த மாத்திரை லேப் ரிப்போர்ட்டில் எண்ணைக் குறைக்க மட்டும் கொடுப்பதில்லை. ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்திருக்கும் கொழுப்பு வெடித்து மறுபடி அடைக்காமல் காப்பதும் அதுதான். நிறுத்திய சில வாரங்களிலேயே கெட்ட கொழுப்பு பழைய உயரத்துக்குப் போய்விடும். அப்போது வலி எதுவும் தெரியாது. அதுதான் சிக்கல்.

டாக்டர் அநேகமாக சி.பி.கே. (சதைச் சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), கல்லீரல் பரிசோதனைகள் எழுதுவார். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சதை வலிக்கும், கொழுப்பும் ஏறும். வயதானவர்களிடம் இது கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. பிறகு 10 அல்லது 20 பவரில் மறுபடி தொடங்கலாம், இன்னொரு ஸ்டாடினான ரோசுவாஸ்டாடினுக்கு மாற்றலாம், ஸ்டாடின் அல்லாத கொழுப்பு மாத்திரையான எசெடிமைப் சேர்க்கலாம். ஒரு கணக்கு சொல்கிறேன், மெக்கானிக்குக்குப் பிடிக்கும்: ஸ்டாடினின் பவரை இரட்டிப்பாக்கினால் கெட்ட கொழுப்பு கூடுதலாகக் குறைவது சுமார் 6 சதவீதம்தான். அதனால் பவரைக் குறைத்தாலும் பலனில் பெரும்பகுதி கையில் நிற்கும்.

வாட்ஸ்அப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வு ஒன்று 2020-ல் வெளியானது. ஸ்டாடின் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திய 60 பேரிடம் மாதம் ஒரு புட்டி கொடுத்தார்கள்: நாலு மாதம் நிஜ மாத்திரை, நாலு மாதம் மருந்தே இல்லாத மாத்திரை, நாலு மாதம் காலி புட்டி, மாற்றி மாற்றி. தினமும் தொந்தரவுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். காலி புட்டி மாதங்களில் சராசரி 8. நிஜ மாத்திரைக்கு 16.3. மருந்தில்லாத மாத்திரைக்கு 15.4! பயமும் வலிக்கும். நானே சாட்சி. ரோசுவாஸ்டாடின் ஆரம்பித்த மூன்றாம் வாரம் தொடை கடுத்தது. இரண்டு நாள் மாத்திரையைத் திட்டித் தீர்த்தேன். மூன்றாம் நாள் என் மனைவிதான் ஞாபகப்படுத்தினார், பேத்தியைத் தூக்கிக்கொண்டு திருச்சி மலைக்கோட்டை ஏறியதை.

மூளை மழுங்கும் என்பதற்கு ஆய்வுகளில் வலுவான ஆதாரம் இல்லை. சிலருக்கு மறதி வந்ததாகப் பதிவுகள் உண்டு, நிறுத்தியதும் அது சரியாகியிருக்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை: தாங்க முடியாத சதை வலியோ பலவீனமோ, சிறுநீர் வரக்காப்பி நிறத்திலோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சதை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் அந்த நிலை மிக மிக அபூர்வம், ஆனால் அவசரம்.

டப்பாவில் கிடக்கும் பதினெட்டையும் அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். கிரீஸ் ஒட்டியிருக்கும்.

கேள்வி: எனக்கு 70 வயது. இதயக் கோளாறும் சர்க்கரையும் இல்லை. மாஸ்டர் செக்கப்பில் மொத்தக் கொலஸ்ட்ரால் 228 வந்ததும் ரோசுவாஸ்டாடின் எழுதிவிட்டார்கள். சாப்பிட்டால் சர்க்கரை வருமாமே?
- வாசகர், தேனி

பதில்: சர்க்கரை அளவு சற்று ஏறலாம். ஏற்கெனவே எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்குத்தான் அது நோயாக மாறுவது அதிகம். அதனால் ஆரம்பிக்கும் முன் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கதை காரைக்குடிக்காரர் கதை இல்லை. அடைப்பே வராதவருக்கு மாத்திரையால் கிடைக்கும் லாபம் சிறியது, யோசிக்க அவகாசம் உண்டு. 228 என்ற ஒற்றை எண்ணை வைத்து நானும் ஒன்றும் சொல்ல முடியாது. எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு எவ்வளவு, பிபி உண்டா, பீடி சிகரெட் பழக்கம் உண்டா, அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ சின்ன வயதில் மாரடைப்பு வந்ததா? இவற்றை எழுதிக்கொண்டு டாக்டரிடம் போய் உட்காருங்கள். தொடங்குவதென்றால் 5 பவர் போதுமா என்றும் கேளுங்கள். ஆசியர்களின் ரத்தத்தில் இந்த மருந்து மற்றவர்களைவிட அதிகம் சேர்கிறது.