ஐரோப்பாக்காரன் சட்டத்தில் நம் பிள்ளைக்கு என்ன வேலை?

வணக்கம்மா. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷத்தில் வந்து நின்றுகொண்டு, கோடிங் வேண்டாம், ஏஐ சட்டம் சம்பந்தமான வேலைக்குத்தான் போவேன் என்று மகள் அடம்பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள். "ஐரோப்பாக்காரன் சட்டம் போட்டா நமக்கென்ன?" என்று அவள் அப்பா கேட்டாராம். நியாயமான கேள்விதான், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மென்பொருளை எந்த ஊரில் எழுதினீர்கள் என்பது அதற்குப் பெரிய விஷயமே இல்லை, அது சொல்லும் முடிவு ஐரோப்பாவில் பயன்பட்டால் போதும். சோழிங்கநல்லூரில் உட்கார்ந்து ஒரு ஜெர்மன் கம்பெனிக்காக ரெஸ்யூமே வடிகட்டும் மென்பொருள் செய்தால் அது அங்கே 'அதிக ஆபத்து' வகையில் வரும். எந்தத் தரவை வைத்துப் பழக்கினீர்கள், எங்கே தப்பு வரும், முடிவை யார் கண்காணிக்கிறார்கள் என்று எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். (இந்த வகைக்கான விதிகள் அமலுக்கு வர 2026 ஆகஸ்ட் என்று நாள் குறித்தவர்கள், 2025 நவம்பரில் தள்ளிப்போடலாம் என்று தாங்களே முன்மொழிந்தார்கள், அது வேறு கதை.) அடியோடு தடைசெய்யப்பட்டதைச் செய்து மாட்டினால் அபராதம் 3.5 கோடி யூரோ வரை அல்லது உலக அளவிலான விற்றுவரவில் 7 சதவீதம் வரை, எது அதிகமோ அது.

அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் இப்படி ஒரே சட்டம் கிடையாது. பைடன் 2023 அக்டோபரில் போட்ட ஏஐ ஆணையை, டிரம்ப் 2025 ஜனவரியில் பதவியேற்ற அன்றே ரத்து செய்துவிட்டார். ஆனால் நியூயார்க் நகரத்தில் தனியாக ஒரு விதி இருக்கிறது, ஆள் எடுக்க ஏஐ பயன்படுத்தினால் அது பாரபட்சம் காட்டுகிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை வெளியாள் தணிக்கை செய்ய வேண்டும், முடிவின் சுருக்கத்தை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அந்தக் கணக்கு என்ன தெரியுமா? உதாரணமாக, 200 ஆண்கள் விண்ணப்பித்து 80 பேர் தேர்வு, அதாவது 40 சதவீதம். 150 பெண்களில் 36 பேர், 24 சதவீதம். 24-ஐ 40-ஆல் வகுத்தால் 0.6, அதாவது ஆண்கள் தேர்வாகும் விகிதத்தில் பெண்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். இத்தனைதான் வர வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை, எண்ணை மறைக்காதே என்கிறது, அவ்வளவுதான். பத்தாம் வகுப்புக் கணக்கு! ஆனால் எந்தப் பிரிவினரை யாரோடு ஒப்பிடுவது, யாரைக் கணக்கிலிருந்து விட்டுவிடக்கூடாது என்று பார்க்க, தரவும் தெரிந்து விதியும் படித்த ஆள் வேண்டும். உங்கள் மகளுக்கான இடம் அங்கேதான்.

சீனாவில் பொதுமக்கள் பயன்படுத்தும் சாட்பாட் போன்றவற்றை அரசிடம் பதிவுசெய்ய வேண்டும், 2025 செப்டம்பரிலிருந்து ஏஐ உருவாக்கிய படம், வீடியோவுக்கு முத்திரையும் கட்டாயம். பிரிட்டன் தனிச்சட்டம் போடாமல், இருக்கிற ஒழுங்குமுறை அமைப்புகளே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டது. நம் மத்திய அரசு 2024 மார்ச் 1 அன்று, சரியாகச் சோதிக்காத ஏஐ மாடல்களை வெளியிட அனுமதி வாங்க வேண்டும் என்று அறிவுறுத்தியது, கம்பெனிகள் அலறியதும் இரண்டே வாரத்தில் அந்த அனுமதிப் பேச்சைக் கைவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், ஒரு நாட்டுச் சட்டத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு தொழிலுக்கு வரக்கூடாது, நாளைக்கே மாறும். சோதித்துப் பார்க்கவும் எழுதிவைக்கவும் தெரிந்தால் எந்த ஊர் விதி வந்தாலும் சமாளிக்கலாம்.

அதனால் இப்போது கேம்பஸில் கிடைக்கும் வேலையை விட வேண்டாம், டெஸ்டிங் என்றாலும் சரி. சொல்லப்போனால் டெஸ்டிங்தான் இதற்கு நல்ல வாசல். மூன்று மாத 'ஏஐ கவர்னன்ஸ்' (ஏஐ-யை விதிக்குள் வைத்திருப்பது) சான்றிதழுக்கு மட்டும் தயவுசெய்து கடன் வாங்காதீர்கள், போன வருஷம் ஒரு பையன் அப்படிக் கட்டிவிட்டு என்னிடம் கொண்டுவந்தது நாற்பது ஸ்லைடுகள், சட்டத்தின் ஒரு பிரிவைக்கூட அவன் மூலத்தில் படித்திருக்கவில்லை. மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டு மூன்று வருஷம் வேலை பார்த்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் மூன்று வருஷ எல்.எல்.பி. பற்றிப் பேசலாம்.

அடுத்த முறை வரும்போது அந்த 0.6 கணக்கை வேறொரு தரவில் போட்டு, ஒரு பக்கத்துக்கு விளக்கமும் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவருக்கு அவளே விளக்கட்டும்.