வண்டலூருக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுமுன்

கேள்வி: திண்டிவனம் அருகே ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 52 பேரை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டுள்ளோம். போன ஆண்டு போய் வந்த பிள்ளைகள், “எல்லா மிருகமும் தூங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு டீச்சர்” என்றார்கள். இம்முறை ஒரு டூர் ஏஜென்ட், மாமல்லபுரம், முதலைப் பண்ணை, வண்டலூர், மெரினா ஆகிய நான்கையும் ஒரே நாளில் காட்டிவிடுவதாகச் சொல்கிறார். பிள்ளைகளை எப்படித் தயார் செய்வது?

பதில்: போன ஆண்டு உங்கள் பேருந்து எத்தனை மணிக்குப் பூங்கா வாசலை அடைந்தது என்று முதலில் விசாரித்துப் பாருங்கள். அநேகமாக, பதினொன்றரைக்கு மேல் என்றுதான் பதில் வரும். புலி, சிங்கம், கரடி போன்றவை வெயில் ஏறியதும் நிழலைத் தேடிப் படுத்துவிடும். சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரைகூடப் படுத்தே கழிக்கும் விலங்கு. பூங்கா திறக்கும் 9 மணியிலிருந்து ஏறத்தாழ 11 மணி வரை உள்ள நேரந்தான் உங்கள் பிள்ளைகளுக்கு உரியது. அதைத் தவறவிட்டபின் எவ்வளவு நன்றாகத் தயார் செய்திருந்தாலும் அவர்கள் காணப்போவது முதுகுகளைத்தான்.

இப்போது அந்த ஏஜென்டின் திட்டத்தை எடுத்துக் கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலில் மாமல்லபுரம், அதே சாலையில் வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணை, பிறகு அவர் கமிஷன் வாங்கும் ஓட்டலில் சாப்பாடு, அதன்பின் வண்டலூர். உச்சி வெயில் தாண்டி, உண்ட மயக்கத்தில் இருக்கும் பிள்ளைகள், உறங்கிக் கொண்டிருக்கும் விலங்குகளைப் பார்த்துவிட்டு, மெரினாவில் அரை மணி நேரம் அலையில் நனைந்து, ஈர உடையோடு நள்ளிரவில் ஊர் திரும்புவார்கள். நான்கு இடம் என்பது பெற்றோரிடம் பணம் வசூலிக்க உதவும் கணக்கு. 602 ஹெக்டேர் பரப்புள்ள வண்டலூர் ஒன்றுக்கே ஒரு நாள் போதாது என்னும்போது, மற்ற மூன்றையும் தயங்காமல் அடித்துவிடுங்கள்.

இத்தகைய திட்டங்களில் இன்னொரு வலையும் உண்டு. வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் வண்டி கிடைக்காது என்று சொல்லி இந்த இரு நாட்களில் ஒன்றை உங்கள் தலையில் கட்டுவார்கள். வாசலில் பூட்டைப் பார்த்து நீங்கள் திகைத்து நிற்கும்போது, கிண்டிக்குப் போய்விடலாம் என்பார்கள். கிண்டிச் சிறுவர் பூங்காவுக்கும் பாம்புப் பண்ணைக்கும் அதே செவ்வாய்க்கிழமைதான் விடுமுறை.

இந்தச் செவ்வாய்க்கிழமை விடுமுறைக்கு ஒரு விலக்கு உண்டு. அதைப் பாதி மட்டும் கேள்விப்பட்டுப் பலர் ஏமாறுவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். உயிரியல் பூங்காக்களுக்கான மத்திய விதிகளின்படி வாரத்தில் ஒரு நாளாவது பார்வையாளர்களை அனுமதிக்காமல் பூங்காவை மூட வேண்டும். விலங்குகளுக்கு ஓய்வும், அடைப்பிடங்களுக்குப் பராமரிப்பும் அன்றுதான் வாய்க்கும். ஆனால் பொங்கல் போன்ற பண்டிகைக் காலங்களிலும் தொடர் விடுமுறைகளிலும் வண்டலூர் செவ்வாயன்றும் திறந்திருக்கும் என்று நிர்வாகம் சில சமயம் அறிவிக்கும். அந்த அறிவிப்பு குறிப்பிட்ட அந்த ஒரு தேதிக்கு மட்டுமே பொருந்தும். அது அடுத்த வாரத்துக்கு நீளாது. போன ஆண்டு அதே வாரத்தில் திறந்திருந்தார்கள் என்பதும் ஆதாரமாகாது. வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் பழைய நாளிதழ்ப் படத்தை நம்பி வண்டி பேசிவிடாதீர்கள். பூங்காவின் அலுவலக எண்ணை அழைத்துத் தேதியைச் சொல்லிக் கேளுங்கள். அப்படியே திறந்திருந்தாலும் அது கூட்டம் அலைமோதும் நாளாகத்தான் இருக்கும். காணும் பொங்கலை ஒட்டிய நாட்களில் அங்கே சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போவதை யாரும் யோசிக்கவே கூடாது. ஆகவே இந்த விலக்கு இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு, அதைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுவதே உங்களுக்கு நல்லது.

பிள்ளைகளைத் தயார் செய்வது என்றதும் நம் பள்ளிகளில் விலங்குகளின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அது வேண்டாம். 52 பேரை ஆறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பெரியவரையும் ஒரே ஒரு விலங்கையும் ஒதுக்குங்கள். சிங்கவால் குரங்கு, முதலை, காட்டெருது, ஒட்டகச்சிவிங்கி என்று எதுவாகவும் இருக்கலாம். அந்தக் குழு தன் விலங்கின் முன் பத்து நிமிடம் நிற்க வேண்டும். மற்றவற்றை நடந்துகொண்டே பார்த்தால் போதும். பத்து நிமிடம் நிற்பது எளிதன்று. அதற்கான பயிற்சியைப் பள்ளி வளாகத்திலேயே ஒரு வாரத்துக்கு முன் தொடங்கிவிடுங்கள். மதிலில் வந்து உட்காரும் காகத்தையோ, மர நிழலில் அசைபோடும் பசுவையோ பார்த்து, காது எந்தப் பக்கம் திரும்புகிறது, வால் எப்போது அசைகிறது, எதைக் கேட்டு நிமிர்கிறது என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். இப்படிப் பழகிய பிள்ளைக்குத் தூங்கும் புலியும் வெறும் காட்சியாக இராது. விலா ஏறி இறங்குவதையும் ஈ உட்கார்ந்தால் காது துடிப்பதையும் அது கவனித்து வந்து சொல்லும். கரையில் வாயைத் திறந்தபடி கிடக்கும் முதலை கோபத்தில் இல்லை, உடற்சூட்டைச் சரிசெய்து கொள்கிறது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அதைப் பொம்மை என்று பந்தயம் கட்டி, ஒருவன் கல்லைத் தேடத் தொடங்கிவிடுவான்.

கூண்டைப் பற்றியும் சொல்லுங்கள். சென்னையில் 1855-இல் தொடங்கிய பழைய பூங்கா மூர் மார்க்கெட் அருகே கம்பிக் கூண்டுகளோடு இருந்தது. வண்டலூருக்கு 1985-இல் மாறியபோது பெரும்பாலான பெரிய விலங்குகளுக்கும் நமக்கும் நடுவே அகழியும் தாழ்வான சுவரும் என்று அமைப்பு மாறிவிட்டது. கம்பி இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்வார்கள். டெல்லிப் பூங்காவில் 2014-ஆம் ஆண்டு வெள்ளைப் புலியின் அடைப்பிடத்துக்குள் விழுந்த இளைஞர் உயிரிழந்ததை உங்களோடு வரும் பெரியவர்களுக்கு நினைவூட்டுங்கள். பிள்ளைகளிடம் அதை விவரிக்கத் தேவையில்லை. கட்டைச் சுவரின் மேல் பிள்ளையைத் தூக்கி உட்காரவைத்துப் படம் எடுப்பது பெரும்பாலும் கூட வரும் பெரியவர்கள்தாம். சுவருக்கும் பிள்ளைக்கும் இடையே கை நீளம் இடைவெளி இருக்கட்டும். எண்ணிக்கை சரிபார்க்க விசில் ஊதாதீர்கள், கையை உயர்த்திக் காட்டுங்கள். விலங்குகளைச் சீண்டுவது, தீனி போடுவது, சத்தமிட்டுத் தொந்தரவு செய்வது, குப்பை போடுவது எல்லாம் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவின்படி குற்றம். அதில் ஆசிரியரின் விசிலுக்கு மட்டும் தனிச் சலுகை எதுவும் இல்லை.

வாசலில் யாராவது தானாக வந்து, எல்லாவற்றையும் விளக்கிக் காட்டுகிறேன் என்றால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். வெள்ளைப் புலி பனிமலையிலிருந்து வந்தது என்ற கதை இவர்களைப் போன்றோர் பரப்பியதுதான். அது நம் வங்கப் புலியே. மரபணு மாற்றத்தால் நிறம் வெளுத்தது. 1951-இல் இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள ரீவா காட்டில் பிடிபட்ட மோகன் என்ற குட்டியின் வழிவந்தவையே இந்தியப் பூங்காக்களின் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை. விளக்கம் தேவைப்பட்டால் பூங்கா அலுவலகத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேளுங்கள். பள்ளிக் குழுக்களுக்கான கட்டணச் சலுகையையும் அதே கடிதத்தில், தலைமையாசிரியர் முத்திரையோடு, கேட்டுவிடலாம். வண்டியில் அமர்ந்தபடி சிங்கங்களைப் பார்த்துவரும் சிங்க உலாவை மட்டும் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதற்குத் தனிச் சீட்டு. அன்றைக்கு வண்டி ஓடாமலும் போகலாம்.

சாப்பாட்டை டிபன் பாக்ஸிலும் தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலிலும் கொண்டு வரச் சொல்லுங்கள். நெகிழிப் பையும் சிப்ஸ் பாக்கெட்டும் வாசற் சோதனையில் நேரத்தைத் தின்னும். உள்ளே போய்விட்டாலோ அவற்றைக் கண்டு குரங்குகள் பின்தொடரும்.

பேருந்து விஷயத்தில் வாடகையை மட்டும் பேசி முடிக்காமல், தகுதிச் சான்று, காப்பீடு, பெர்மிட் மூன்றின் நகலையும் கேட்டு வாங்கித் தேதியைப் பாருங்கள். முந்தைய இரவு அந்த ஓட்டுநர் எங்கே போயிருந்தார் என்றும் கேளுங்கள். சுற்றுலாக் காலத்தில் ஒரே ஓட்டுநரை இரவும் பகலுமாக ஓட்டவைக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். விடியற்காலை 6 மணிக்குக் கிளம்பினால்தான் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடந்து, வழியில் இரண்டு மூன்று பிள்ளைகள் வாந்தி எடுப்பதற்கும் இடம் விட்டு, 9 மணிக்கு வாசலில் நிற்க முடியும். தூக்கம் கெட்ட ஓட்டுநரோடு அந்த அவசரம் கூடாது.

கல்வித் துறையின் அனுமதிக் கோப்பைப் பற்றி என்ன சொல்வது! விண்ணப்பத்தில் தலைமையாசிரியர் ஒப்பம், பெற்றோர் ஒப்பம், வண்டி எண், உறுதிமொழி எல்லாம் கேட்பார்கள். பிள்ளைகள் எத்தனை மணிக்கு எதைப் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு வரி கேட்க மாட்டார்கள். மேசை மேசையாக நகர்ந்து, கிளம்பும் நாளுக்கு முந்தைய மாலையில் அனுமதி கைக்கு வந்து, அதற்குள் வண்டி கைவிட்டுப் போன பள்ளிகள் பல. ஆகவே ஒரு மாதம் முன்னதாகவே, இரண்டு தேதிகளைக் குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள். இரண்டும் புதன் அல்லது வியாழனாக இருக்கட்டும். பார்வையிடும் இடங்கள் என்ற பத்தியில் வண்டலூரை மட்டும் எழுதுங்கள். ஒரே இடந்தானா என்று எழுத்தர் கேட்டால், ஆமாம் என்று சொல்லி ஒப்புகைச் சீட்டை வாங்கிக் கொள்ளுங்கள்.