டிஸ்சார்ஜ் சம்மரியை நானே படித்தேன், பயமாக இருக்கிறது

கேள்வி: எனக்கு வயது 47. வயிற்று வலிக்காக நான்கு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பினேன். ஃபைலைப் புரட்டியபோது ஒரு பக்கத்தில் 'ஆர்/ஓ மேலிக்னன்சி' என்று எழுதியிருந்தது. மேலிக்னன்சி என்றால் புற்றுநோய் என்று தேடித் தெரிந்துகொண்டேன். ரத்தப் பரிசோதனையில் இரண்டு எண்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி வேறு. டாக்டர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த முறை பார்க்கப் பத்து நாள் இருக்கிறது. எதையாவது மறைக்கிறார்களா? படிக்காமலே இருந்திருக்கலாமோ?

பதில்: படித்தது நல்லதுதான். முதலில் அந்த இரண்டு எழுத்துகளைப் பார்த்துவிடுவோம். 'ஆர்/ஓ' என்பது 'ரூல் அவுட்' என்பதன் சுருக்கம். 'இது இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்' என்று டாக்டர் எழுதி வைக்கும் குறிப்பு அது. கண்டுபிடித்த முடிவு அல்ல, அவர் எழுப்பிய கேள்வி. வயிற்று வலி என்று வருபவருக்குப் பல காரணங்களை யோசித்து ஒவ்வொன்றாக விலக்குவதுதான் முறை.

அந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் அதே ஃபைலில் வேறு இடத்தில் இருக்கும். ஸ்கேன் அறிக்கையின் கடைசியில், பார்த்ததைச் சுருக்கிச் சொல்லும் 'இம்ப்ரெஷன்' என்ற பகுதியைப் பாருங்கள். அப்புறம் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஃபைனல் டயக்னோசிஸ்', அதாவது கடைசியாக முடிவு செய்த நோய், என்ற வரி. இரண்டிலும் அந்தச் சொல் இல்லையென்றால் ஓரளவு நிம்மதி அடையலாம். ஆனால் சதைத் துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பியிருந்தால் அதன் முடிவு பெரும்பாலும் நீங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும். 'ரிப்போர்ட் அவெய்டட்' அல்லது 'பெண்டிங்', அதாவது முடிவு இன்னும் வரவில்லை, என்று எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பத்து நாள் காத்திருக்க வேண்டாம். இன்றே போன் செய்து கேளுங்கள். முடிவு வந்து, யாரும் பார்க்காமல் கிடப்பது உண்மையிலேயே நடக்கிற விஷயம்.

இந்த ஃபைல் உங்களுக்காக எழுதப்பட்டதல்ல, ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதுவது. அதனால்தான் சில சொற்கள் குத்தலாகத் தெரியும். 'டினைஸ்' என்று இருந்தால் நீங்கள் மறைத்ததாக அர்த்தம் இல்லை. கேட்டார்கள், இல்லை என்றீர்கள், அவ்வளவுதான். 'அன்ரிமார்க்கபிள்' என்றால் குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை. நல்ல செய்தி.

சரி, நட்சத்திரக் குறிக்கு வருவோம். பெரும்பாலான பரிசோதனைகளில் 'நார்மல்' என்று அச்சிடும் எல்லை, ஆரோக்கியமான நூறு பேரில் நடுவிலுள்ள 95 பேரின் அளவை வைத்துப் போட்டது. மீதி ஐந்து பேர் நோய் இல்லாமலே எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றையொன்று சாராத இருபது பரிசோதனைகளை ஒரே நாளில் செய்தால், நோயே இல்லாதவருக்கும் ஒன்றிலாவது நட்சத்திரம் விழ 64 சதவீத வாய்ப்பு உண்டு. எல்லைக்கு மயிரிழை வெளியே நிற்பதும் மூன்று மடங்கு தாண்டி நிற்பதும் ஒன்றல்ல. எவ்வளவு தள்ளி என்று பாருங்கள்.

நட்சத்திரத்தைவிட நான் அதிகம் பார்ப்பது பழைய ரிப்போர்ட்டைத்தான். ஓர் ஆணுக்கு ஹீமோகுளோபின் 16.2 இருந்தது, அடுத்த வருடம் 14.9, இப்போது 13.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் எல்லைக்குள்தான், எந்தக் குறியும் விழாது. ஆனாலும் மெதுவாக ரத்தம் எங்கோ கசிகிறதா என்று தேட வைக்கும் இறக்கம் அது. ஓர் ஆய்வகத்தின் தாள் மட்டும் இந்த வரிசையைக் காட்டாமல் போகலாம், பழைய தாள்களை வைத்திருப்பவர் நீங்கள்தானே. ஒப்பிடும்போது அலகையும் பாருங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ஒரு தாளில் 1.0 என்றும் இன்னொன்றில் 88 என்றும் இருந்தால் பதற வேண்டாம். முதலாவது மில்லிகிராம் கணக்கு, இரண்டாவது மைக்ரோமோல் கணக்கு. அளவு ஒன்றுதான்.

உங்களைத் தவிர யாராலும் சரிபார்க்க முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. ஒவ்வாமை, சாப்பிடும் மருந்துகள், பழைய அறுவை சிகிச்சைகள், உடலின் எந்தப் பக்கம் (வலதா இடதா) என்பது. ஒரு பெண்மணி தன் ஃபைலைக் காட்டி, "டாக்டர், இதுல அலர்ஜி இல்லைன்னு போட்டிருக்கு, எனக்கு சல்ஃபா மருந்து ஒத்துக்காதே" என்றார். முந்தைய சேர்க்கையின் குறிப்பை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். அவர் படிக்காமல் விட்டிருந்தால் அந்த வரி அடுத்த சீட்டுக்கும் போயிருக்கும். அமெரிக்காவில் 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், தங்கள் குறிப்பைப் படித்த நோயாளிகளில் சுமார் ஐந்தில் ஒருவர் பிழை கண்டதாகச் சொன்னார்கள். பிழை தெரிந்தால் எழுத்தில் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். பேனாவால் நீங்களே அடித்துத் திருத்தாதீர்கள்.

மறைக்கிறார்களா என்று கேட்டீர்கள். மறைக்க நினைப்பவர் அந்த வார்த்தையை எழுதி உங்கள் கையில் கொடுத்திருக்க மாட்டார். ஆனால் விளக்காமல் அனுப்பியது குறைதான். போன் செய்யும்போது, "ரூல் அவுட் மேலிக்னன்சி என்று எழுதியிருக்கிறீர்களே, எந்தப் பரிசோதனை அதை விலக்கியது? இன்னும் எது பாக்கி?" என்று கேளுங்கள். பதிலைத் தேதி போட்டு ஃபைலிலேயே குறித்து வையுங்கள். நடுவில் வலி கூடினாலோ, காய்ச்சலோ ரத்த வாந்தியோ வந்தாலோ, அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் உடனே போங்கள், ஃபைலையும் எடுத்துக்கொண்டு.